பின்னறையில் ஒரு முப்பது கோட்டு டிவி

வேலை முடிந்து வந்து பின்னறைக் கதவைத் திறந்தேன். ஜன்னலில் நான் ஆணியடித்து மாட்டியிருந்த கறுப்புத் துணியின் ஓரம் விலகியிருந்தது. அந்த ஜன்னலின் கொக்கி சரியாக விழாது. வெளியே மொட்டை மாடியில் நின்றுகொண்டு ஒரு குச்சியை விட்டு நெம்பினால் கதவு திறக்கும், துணியையும் தள்ளலாம். காலையில் கிளம்பும்போது துணி சரியாக இருந்ததா என்று யோசித்தேன். இருந்தது. மாடிக்கு வருவதற்கு என்னைத் தவிர இரண்டு பேருக்குத்தான் வழி உண்டு. வீட்டுக்காரர், வீட்டுக்காரம்மா. வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. படியேறுவதேயில்லை.

அன்றிலிருந்து நான் வீட்டுக்காரம்மாவைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். அவர் என்னை எப்போதிலிருந்து சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் தெற்கத்திக்காரி. கரிசல் பக்கத்து ஊர். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூருக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. லிஃப்டுக்கான கன்ட்ரோல் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓசூருக்குள் குடியிருந்த வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதோ மெஷினை ஓட்டுகிறாள் என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். அதனால் ஓசூரைத் தாண்டி உத்தனப்பள்ளிக்கு வந்தேன். கம்பெனி பஸ் மெயின் ரோடு வரை வருகிறது. மாடி முழுக்க எனக்கு. கீழே வீட்டுக்காரர்கள். அவர்களுக்குத் தக்காளித் தோட்டமும் கொஞ்சம் ராகியும். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், தக்காளி ஏற்ற வரும் லாரிக்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ்.

வீட்டுக்காரம்மா ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி, வேகமாக நடப்பார். எதையும் நேராகக் கேட்க மாட்டார். சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் குடிவந்த புதிதில், "எங்க ஊர்ல கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு யாரும் வீடு தர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அப்படித்தான் பார்த்தார். ஆனாலும் வீட்டைக் கொடுத்தார்.

பின்னறையில் நான் செய்துகொண்டிருந்தது டிவி. இன்றைக்கு யாரும் பார்க்காத டிவி. படக்குழாய் வருவதற்கு முன்னால், கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன், டிவி என்பது ஒரு சுழலும் தட்டு. தட்டின் ஓரத்தில் நத்தைச் சுருள் போல உள்வாங்கிப் போகும் முப்பது ஊசித் துளைகள். தட்டு வேகமாகச் சுற்றும்போது ஒவ்வொரு துளையும் ஒரு கோடு போடும். பின்னால் இருக்கும் விளக்கு சிக்னலுக்கு ஏற்றபடி கூடிக் குறைந்தால் அந்த முப்பது கோடும் சேர்ந்து ஒரு முகம் ஆகும். தபால் தலை அளவுதான் இருக்கும். செம்மஞ்சள் நிறம். கொஞ்சம் ஆடும், ஒரு பக்கமாகச் சாயும். ஆனால் யார் என்று அடையாளம் தெரியும்.

இணையத்தில் யாரோ ஒருவர் இதை ஓட்டிக் காட்டியதைப் பார்த்துத்தான் எனக்குப் பித்துப் பிடித்தது. கம்பெனியில் என் மேஜைக்கு வரும் போர்டுகள் முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும். தப்பாக இருப்பதற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன். ஒரு படம் வருமா வராதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற வேலை அங்கே கிடையாது. இங்கே அது கிடைத்தது. தட்டைக் கையால் துளைத்தேன். ஒரு துளை மயிரிழை தள்ளிப் போனாலும் படத்தில் கறுப்புக் கோடு விழும். எத்தனை தட்டுகளைத் தூக்கிப் போட்டேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் போனிலிருந்து சிக்னல் கொடுத்தேன். இந்த முறையில் படத்தை ஒரு பாட்டைப் போலப் பதிந்து வைக்கலாம், ஸ்பீக்கரில் போட்டால் வண்டு கத்துவது போலக் கேட்கும். பிறகு ஆசை பெரிதாயிற்று. உயிருள்ள ஒரு முகத்தை நேரடியாகப் பிடித்துக் காட்ட வேண்டும். அதற்காக ஒரே கம்பியில் இரண்டு தட்டுகளை மாட்டினேன். முதல் தட்டுக்குப் பின்னால் பலமான விளக்கு. அதன் துளைகள் வழியாக வரும் ஒளிப்புள்ளி, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் கோடு கோடாக ஓடும். முகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைச் சென்சார்கள் பிடிக்கும். நான் கட்டிய ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி இரண்டாவது தட்டின் பின்னால் உள்ள சின்ன விளக்குக்குக் கொடுக்கும். உட்கார்ந்திருப்பவருக்குத் தன் படம் தெரியாது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பவருக்குத்தான் தெரியும். இதற்கு அறை கும்மிருட்டாக இருக்க வேண்டும். கறுப்புத் துணி அதற்காக. சாத்திய கதவும் அதற்காக.

இதையெல்லாம் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். முந்தைய வீடுகளில் சொல்லிப் பார்த்த அனுபவம் எனக்கு இருந்தது. கடையில் கிடைக்கிற டிவியை எதற்கு வீட்டில் செய்கிறாய், அதுவும் தபால் தலை அளவுக்கு என்று கேட்டால் பதில் சொல்ல வராது. பெங்களூரிலிருந்து பார்சல் பார்சலாக வருகிறதே என்று அவர் கேட்டபோது, கம்பெனி வேலைதான் அக்கா, கொஞ்சம் வீட்டிலும் செய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கம்பெனி வேலைக்கு ஜன்னலை எதற்கு மூட வேண்டும் என்று கேட்காமல் என் முகத்தை மட்டும் பார்த்தார்.

என் பிரிவில் எனக்கு அடுத்த மேஜையில் ஒரு பெண் இருந்தாள். சேலத்துக்காரி, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். வாயடிப்பவள். என் டிவியைப் பற்றிக் கம்பெனியில் அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். பிரசவ லீவில் போவதற்கு முன் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கணவனின் பைக்கில் வந்து இறங்கினாள். கணவன் கீழே டீக்கடைக்குப் போய்விட்டான். நான் அவளைப் பின்னறைக்கு அழைத்துப்போய் ஸ்டூலில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, மோட்டாரைப் போட்டேன்.

அன்றைக்குப் படம் அவ்வளவு நன்றாக வந்தது. அவள் நாக்கை நீட்டினாள், தட்டில் நாக்கு தெரிந்தது. மூக்குத்தி ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னியது. பிறகு நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன், அவள் எழுந்து வந்து என்னைப் பார்த்தாள். பேய் மாதிரி இருக்கிறீர்கள் அக்கா என்று சிரித்தாள். நாங்கள் கதவைத் திறந்து வெளியே வந்தபோது வீட்டுக்காரம்மா மொட்டை மாடியில் மிளகாயைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். முதலில் அவள் வயிற்றைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னாலிருந்த இருட்டறையைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரம்மா வாசலில் நின்றார்.

"அந்தப் பொண்ணு ரொம்ப சந்தோசமா போச்சி. ஆம்பளப் புள்ளையாட்டம் இருக்குது."

"யாருக்குத் தெரியும் அக்கா" என்றேன்.

அவர் லேசாகச் சிரித்தார். உனக்கா தெரியாது என்பது போன்ற சிரிப்பு. எனக்கு அது புரியவில்லை. பஸ்ஸில் போகும்போது யோசித்தேன். இந்தம்மாவுக்கு என்னிடம் ஏதோ ஒன்று தெரிந்துவிட்ட மாதிரி ஒரு தோரணை ஏன் வந்தது என்று மட்டும் உறுத்தியது. அதற்கு அடுத்த வாரம்தான் துணி விலகியிருந்ததைக் கண்டுபிடித்தேன்.

பின்னறைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். ஜன்னல் கொக்கியைக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். அதற்குப் பிறகு ஊரே கொஞ்சம் மாறியது போல இருந்தது. மளிகைக் கடையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். கடைக்காரம்மா முன்பெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவார், இப்போது 'மேடம்' என்றார். பஸ் ஸ்டாப்பில் எனக்குத் தெரியாத ஒரு பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். வீட்டுக்காரம்மா என்னைப் பற்றி ஏதோ பரப்பியிருக்கிறார் என்பது உறுதியாகத் தெரிந்தது. என்ன பரப்பினார் என்பதுதான் தெரியவில்லை. கள்ள நோட்டாக இருக்கும், மாந்திரீகமாக இருக்கும் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன்.

தெரியவந்தது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் வயதான அம்மா ஒருவர், கூடவே ஓர் இளம்பெண். மாமியாரும் மருமகளும் என்று பார்த்ததுமே தெரிந்தது. சானமாவுக் காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், ராகியும் அவரையும் போடுகிற குடும்பம் என்று மாமியார் சொன்னார். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. உங்களிடம் ஒரு மிஷின் இருக்கிறதாமே என்றார். இருக்கிறது என்றேன். டிவி மாதிரியே இருக்குமாமே என்றார். டிவியேதான் என்றேன். யாரோ பழுதான டிவியைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்கள், அதைச் சொல்ல இவ்வளவு தயக்கமா என்று எனக்குத் தோன்றியது. மருமகள் படிக்கட்டின் மேல்படியிலேயே நின்றாள். உள்ளே வா என்று மாமியார் கூப்பிட்டும் வரவில்லை.

"ஏற்கெனவே ரெண்டும் பொட்டையா போச்சி கண்ணு" என்று மாமியார் குரலைத் தாழ்த்தினார். "இது நாலாவது மாசம். நீ பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டா போதும். நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம்."

இருட்டறை, ஸ்டூல், மினுங்குகிற சின்னப் படம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இறங்கிப் போன சேலத்துப் பெண் எல்லாம் ஒரே நொடியில் சேர்ந்துகொண்டன. இந்தப் பக்கத்தில் வீட்டுக்குள் ரகசியமாக ஸ்கேன் மெஷின் வைத்து ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்கிறவர்கள் பிடிபடுவது பேப்பரில் அவ்வப்போது வரும். ஊர் என்னை அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அப்படி எதுவும் இல்லை என்றேன். மாமியார் நம்பவில்லை. யார் உங்களுக்குச் சொன்னது என்று கேட்டேன். அதை மட்டும் கேட்காதே கண்ணு என்றார். கோபத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வந்து நீங்களே பாருங்கள் என்று பின்னறையைத் திறந்து காட்டினேன். மாமியார் உள்ளே நுழைந்து தட்டுகளையும் வயர்களையும் சென்சார்களையும் பார்த்துவிட்டு, கோயில் கர்ப்பகிருகத்தில் நிற்பவரைப் போல நின்றார். அவருடைய நம்பிக்கை இன்னும் உறுதிப்பட்டது. நான் விளக்கிச் சொல்லச் சொல்ல எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தெரியாதவர்களிடம் இப்படித்தான் சொல்ல வேண்டும், அது எங்களுக்கும் தெரியும் என்பது போல.

மருமகள் மேல்படியிலிருந்தே ஸ்டூலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. என்னை அவ்வளவு வெறுப்போடு அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. நீங்கள் போகலாம் என்று நான் சத்தமாகச் சொன்ன பிறகுதான் இறங்கினார்கள். கீழே போனபின் மாமியார் நிமிர்ந்து பார்த்து, அடுத்த வாரம் வருகிறோம் என்று கையை ஆட்டினார்.

எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். பிரித்தால் ஒளித்துவிட்டாள் என்பார்கள். வீட்டுக்காரம்மாவிடம் நேராகப் போய்க் கேட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். கேட்டால் அவர் வேறெதையாவது சொல்லி என் முகத்தைப் பார்ப்பார். வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். வந்ததும் முதலில் பூட்டைப் பார்ப்பேன், பிறகு கொக்கியில் கட்டிய கம்பியைப் பார்ப்பேன். பின்னறையில் உட்காரவே பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் மாமியார் வரவில்லை. ஒரு விடுமுறை நாள் காலையில் ஜீப் வந்தது. சுகாதாரத் துறை டாக்டரம்மா ஒருவர், உதவிக்கு ஓர் ஆண் அலுவலர், ஒரு பெண் போலீஸ். வீட்டுக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி முற்றத்தில் நின்றார். வீட்டுக்காரம்மா கதவுக்குப் பின்னால் நின்றார், வெளியே வரவில்லை. மூவரும் மேலே வந்தார்கள். டாக்டரம்மா என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னறையைத் திறக்கச் சொன்னார்.

அவர் தேடியது கையில் பிடித்து வயிற்றில் வைக்கும் கருவியை. அலமாரி, பீரோ, கட்டிலுக்கு அடி, சமையலறையில் அரிசிப் பானை எல்லாவற்றையும் பார்த்தார்கள். மூலையில் நான் பழுதுபார்த்து வைத்திருந்த ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. ஆன்டெனாவில் வந்த பழைய ஒளிபரப்பு நின்றுபோன பிறகு, அதற்கான சிக்னலை நானே உண்டாக்கி ஓட்டிப் பார்ப்பதற்கு வாங்கியது. இதுதான் மானிட்டரா என்று அலுவலர் கேட்டார். இல்லை சார், இது டிவி என்றேன். அப்படியானால் அது என்ன என்று தட்டுகளைக் காட்டினார். அதுவும் டிவிதான் என்றேன். பெண் போலீஸ் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் துளியும் இல்லை.

டாக்டரம்மா ஓட்டிக் காட்டச் சொன்னார். கதவைச் சாத்தினால்தான் தெரியும் என்றதும் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பெண் போலீஸ் கதவுக்கு வெளியே நிற்க, டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். அலுவலரைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன். மோட்டார் வேகம் பிடிக்கும் வரை தட்டில் வெறும் புகைதான் தெரிந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பொட்டன்ஷியோமீட்டரை மெல்லத் திருப்பினேன். புகைக்குள்ளிருந்து ஒரு நெற்றி வந்தது, அதன் கீழே இரண்டு வட்டங்கள், மூக்குக் கண்ணாடி.

அலுவலர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "மேடம், நீங்கதான் தெரியறீங்க" என்றார். "கண்ணாடிய கழட்டுங்க." இருட்டில் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். தட்டில் இருந்த வட்டங்கள் மறைந்தன. "ஆமா மேடம், கழட்டிட்டீங்க" என்றார் அவர்.

பிறகு அலுவலர் ஸ்டூலில் உட்கார, டாக்டரம்மா இந்தப் பக்கம் வந்து அவரைப் பார்த்தார். வயிற்றுக்கு நேராக ஒளி விழும்படி அவரை எழுந்து நிற்கச் சொன்னார். தட்டில் சட்டைப் பித்தான்கள் தெரிந்தன. உள்ளே எதுவும் தெரியாது, வெளியே விழும் வெளிச்சத்தை மட்டும்தான் காட்டும் என்று சொன்னேன். விளக்கைப் போட்டோம். டாக்டரம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று தெரிந்தது, ஆனாலும் முகம் இளகவில்லை. கைப்பையில் அடங்குகிற மெஷினை எல்லாம் காரிலும் கொட்டகையிலும் பிடித்திருக்கிறோம், புகார் வந்தால் வந்துதான் ஆக வேண்டும் என்றார். அது சரிதான் என்று எனக்கும் பட்டது.

"இத எதுக்குமா செய்றீங்க?" என்று கேட்டார். சந்தேகமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"படம் வருதா பாக்கத்தான் மேடம்" என்றேன்.

உங்களிடம் யாராவது வந்து கேட்டார்களா என்றார். ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள், ஊர் தெரியாது என்றேன். அவர் வியப்படையவில்லை. தெரியும் என்பது போலத் தலையசைத்தார். அப்போது எனக்கு முடிவாகிவிட்டது. அவர்கள் வந்ததைப் பார்த்தவர் வீட்டுக்காரம்மா ஒருவர்தான். முதலில் வதந்தியைக் கிளப்பினார், பிறகு புகாரும் கொடுத்துவிட்டார்.

ஜீப் போனதும் கீழே இறங்கி, இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறேன் என்று சொன்னேன். வீட்டுக்காரர் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. நான்தான் சொன்னேன் என்று நினைக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஜன்னலை நெம்பிப் பார்த்தது யார் என்றும் கேட்டேன்.

"நான்தான் பாத்தேன். தோட்டத்துல கூலிக்கு வர்ற பொம்பளைங்ககிட்ட வாய் தவறி சொல்லிட்டேன், அதுவும் நெசம்" என்றார். "ஆனா புகார் குடுத்தா மொதல்ல யாரப் புடிப்பாங்க? ஊட்டுக்காரனத்தான் புடிப்பாங்க. எம் புருசன நானே ஸ்டேஷன்ல உக்கார வெப்பனா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் நல்லவர் என்பதால் நம்பவில்லை, அவருக்கு அதில் நஷ்டம் என்பதால் நம்பினேன். அப்படியானால் யார்? மளிகைக் கடைக்காரம்மாவா, பஸ் ஸ்டாப்பில் கும்பிட்ட பெண்ணா, சேலத்துப் பெண்ணின் கணவனா? கம்பெனிக்கும் விசாரிப்பு போயிருந்தது. எச்.ஆரில் கூப்பிட்டு, கம்பெனிப் பொருள் எதையாவது வீட்டுக்குக் கொண்டுபோனதுண்டா என்று கேட்டார்கள். பல வாரங்களுக்குக் கம்பெனி கேட்டில் என் பையை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். சேலத்துப் பெண் லீவில் போய்விட்டிருந்தாள். மாடிக்கு வந்துபோன கர்ப்பிணி யார் என்று விசாரித்து அவள் வீட்டுக்கும் போய், எங்கே ஸ்கேன் எடுத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு அவள் என் போனை எடுக்கவில்லை.

வேறு வீடு தேடினேன். பின்னறையுள்ள மாடி எதுவும் கிடைக்கவில்லை. வீட்டுக்காரம்மாவும் எப்போது காலி செய்கிறாய் என்று கேட்கவில்லை. அப்படியே தங்கிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை ஓசூரில் சாமான் வாங்கிவிட்டு உத்தனப்பள்ளி வழியாகப் போகும் ராயக்கோட்டை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சானமாவுக் காட்டுக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. யானைக் கூட்டம் ரோட்டோரம் நிற்கிறது, தாண்டிப் போகட்டும் என்று வனத்துறை ஆட்கள் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்தார். பக்கத்து சீட்டிலிருந்தவர் இறங்கிப் போக, காலியான இடத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். தோளில் தூங்குகிற பெண்குழந்தை. வயிறு நன்றாகவே தெரிந்தது. மடியில் அரசு ஆஸ்பத்திரிப் பை. அந்த மருமகள்.

முன்னால் எங்கோ யானைகளை விரட்டப் பட்டாசு வெடிக்கும் சத்தம் கேட்டது. அவள் என் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான்தான் போன் பண்ணேன்."

ஜீப் வந்த காலை ஞாபகத்துக்கு வந்தது. "எதுக்கு?" என்றேன்.

"நீங்க பாத்து பொண்ணுன்னு சொல்லியிருந்தா கலைக்கறதுக்கு என்னிய வேற எங்கியாச்சும் இட்டுகினு போயிருப்பாங்க."

"நான்தான் அப்படி எதுவும் இல்லன்னு சொன்னேனே."

"எல்லாரும் மொதல்ல இல்லன்னுதான் சொல்வாங்களாம். அத்த சொல்லிச்சி. இல்லன்னு சொன்னா கண்டிப்பா இருக்குதுன்னு அர்த்தமாம்."

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனிலிருந்து பேசியிருக்கிறாள். பேர் தெரியாது, உத்தனப்பள்ளியில் மாடி வீடு, தனியாக இருக்கிற பொம்பளை என்று அடையாளம் சொல்லியிருக்கிறாள். ஜீப் வந்த செய்தி கிராமத்துக்குப் போனதும் மாமியார் பயந்துவிட்டார். கிராமத்து நர்ஸ் இப்போது அடிக்கடி வீட்டுக்கு வந்து விசாரிக்கிறாராம். ஸ்கேன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. கணவன் இவளோடு சரியாகப் பேசுவதில்லை. யார் புகார் கொடுத்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, கூலிக்காரர்கள் மேல் சந்தேகம்.

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நான் இத்தனை நாளும் வரிசையாக ஒவ்வொரு முகமாக நிறுத்திச் சந்தேகப்பட்டதில் இவள் முகம் மட்டும் இருக்கவில்லை. மேல்படியில் நின்றபோது அவள் கண்ணில் இருந்த வெறுப்பைப் பார்த்த பிறகும் எனக்குத் தோன்றவில்லை. பேசாமல் நிற்கிறவள் என்ன செய்துவிடப் போகிறாள் என்று எண்ணியிருக்கிறேன்.

"உங்கள ஏதாச்சும் பண்ணாங்களா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல. பாத்துட்டுப் போயிட்டாங்க."

அவள் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். "நெசமாவே அது என்னா?"

பழைய காலத்து டிவி என்றேன். தட்டு, துளை, வெளிச்சம் என்று எனக்குத் தெரிந்தவரை எளிமையாகச் சொன்னேன். ஒரு நாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா, அவள் முகத்தை அதில் காட்டுகிறேன் என்றேன். அவள் தூங்கும் மகளின் தலையை இன்னொரு தோளுக்கு மாற்றினாள். இருட்டறைக்குள் அவள் வர மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. வற்புறுத்தவில்லை. வண்டிகளை விட்டார்கள். அவளுடைய ஸ்டாப்பில் இறங்கும்போது, நான் சொன்னதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். இப்போதும் அவள் ஊரையோ அடையாளத்தையோ நான் எழுதவில்லை.

வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லவில்லை. புகார் கொடுத்தது யார் என்று தெரிந்ததா என்று அவர் இரண்டொரு முறை சுற்றிவளைத்துக் கேட்டார். தெரியவில்லை என்றேன். இதற்கிடையில் ஒரு மதியம் அவராகவே மேலே வந்து, அதைப் போட்டுக் காட்டு என்றார். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று என்னை உட்காரவைத்து அவர் பார்த்தார். சிறிது நேரம் கழித்து, "நீயேதான்" என்றார். அந்தக் குரலில் ஏமாற்றம் இருந்தது. ஆனாலும் துணிக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று போகும்போது ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ராகி அறுப்பு முடிந்த சமயம். நான் பஸ்ஸுக்குப் போக இறங்கும்போது வீட்டுக்காரம்மா முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். கூலிக்கு வரும் பெண் ஒருத்தி சொன்னாளாம், சானமாவுப் பக்கமிருந்து அன்றைக்கு மாமியாரோடு வந்ததே ஒரு பெண், அதற்குப் பிரசவம் ஆகிவிட்டதாம்.

"ரெண்டு உசுரும் நல்லா இருக்குதாம்" என்றார்.

நல்லது அக்கா என்றேன். அவர் புடைப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என்ன குழந்தை என்று நான் கேட்பேனா என்று காத்திருந்தார். எனக்குக் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. அந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாத ஒரே ஆள் நான்தான். பஸ் ஹாரன் கேட்டது. வருகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு நடந்தேன்.